மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பை வாசிப்பது எப்படி?

வட்டி கூடியதா, குறைந்ததா என்று பார்த்துவிட்டு அறிவிப்பை மூடிவிடுகிறவர்களே அதிகம். வெள்ளவத்தையில் வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கும் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவருக்கும் அது போதாது. இலங்கை மத்திய வங்கியில் வட்டியைத் தீர்மானிக்கும் நாணயக் கொள்கைச் சபை இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. வட்டியை இன்று மாற்றினால் விலைகளில் அது முழுதாகத் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அப்போது விலைகள் எங்கே நிற்கும் என்றே கணிக்கிறது. நீங்களும் அந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

முதலில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். பணவீக்கம், அதாவது ஓராண்டில் விலைகள் ஏறிய சதவீதம், இதிலிருந்து கணக்கிடப்படுகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இதை மாத முடிவில் வெளியிடுகிறது. 2023 ஒக்டோபரில் நிதி அமைச்சருடன் மத்திய வங்கி செய்த உடன்படிக்கைப்படி பணவீக்க இலக்கு 5 சதவீதம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகளுக்கு இலக்கிலிருந்து 2 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால், காரணத்தை மத்திய வங்கி பாராளுமன்றத்துக்கு எழுத்தில் விளக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 170 ஆனால் பணவீக்கம் 70 சதவீதம். அடுத்த ஆண்டு 173 ஆனால் பணவீக்கம் 1.8 சதவீதம்தான். பணவீக்கம் தரைதட்டியும் பொருள் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் வரை போன பணவீக்கம் பிறகு இறங்கியபோது சந்தையில் பாரம் குறையாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

அடுத்து மையப் பணவீக்கம். சில உணவுப் பொருட்கள், எரிபொருள், மின்சாரம் போன்று ஏறியிறங்கும் விலைகளை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பது. 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை மொத்தப் பணவீக்கம் எதிர்மறையில் இருந்தது. மின்கட்டணக் குறைப்பு அதற்குப் பெரிய காரணம். ஆனால் மையப் பணவீக்கம் பூச்சியத்துக்கு மேலேயே நின்றது, 2024இல் பொருளாதாரமும் 5 சதவீதம் வளர்ந்தது. மக்கள் வாங்குவது குறைந்து, கேள்வி படுத்து விலை விழுந்த கதை அல்ல அது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள்.

பிறகு தனியார்துறைக் கடன் வளர்ச்சி, நிறுவனங்களிடம் கேட்டுத் தயாரிக்கும் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண் (50க்கு மேல் என்றால் தொழில் விரிகிறது), ரூபாயின் பெறுமதி, வெளிநாட்டு ஒதுக்கு. ரூபாய் சரிந்தால் எரிபொருளும் பருப்பும் ஏறும். 2022 ஏப்ரலில் ஒரே முடிவில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டினார்கள். ரூபாய் சரிந்து விலைகள் கட்டுமீறிய வேளையில் சின்னச் சின்னப் படிகளுக்கு அவகாசம் இருக்கவில்லை.

இனி, வட்டியை நகர்த்தும் கருவி. 2024 நவம்பரிலிருந்து மத்திய வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டியான ஓரிரவு கொள்கை வீதம் ஒன்றே முதன்மைச் சைகை. 2025 மேயில் அது 7.75 ஆனது. வங்கிகள் மிச்சப் பணத்தை மத்திய வங்கியில் ஓரிரவு வைத்தால் அதைவிட 0.5 குறைவாகக் கிடைக்கும். கடன் வாங்கினால் 0.5 அதிகம் கொடுக்க வேண்டும். அதாவது அப்போது 7.25க்கும் 8.25க்கும் இடைப்பட்ட ஒரு பாதை. வங்கிகள் தமக்குள் கைமாற்றும் அழைப்புப் பண வீதம் இந்தப் பாதைக்குள், கொள்கை வீதத்துக்கு அருகில் நிற்க வேண்டும். சந்தையில் பணம் மிதமிஞ்சினால் அது கீழே நழுவும். அப்போது மத்திய வங்கியினர் ஏலம் வைத்துப் பணத்தை உறிஞ்சுவார்கள். தட்டுப்பாடு வந்தால் ஏலத்தில் கொடுப்பார்கள். ஆகவே கொள்கை வீதம் அசையாத மாதத்திலும் அழைப்புப் பண வீதத்தைக் கவனியுங்கள்.

அங்கிருந்து உங்கள் கடனுக்கு வர நாளாகும். வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் சராசரி வட்டியான, வாராந்தம் வெளியாகும் ஏ.டபிள்யூ.பி.ஆர். வீதத்தோடு ஒட்டிய கடன் என்றால், ஒப்பந்தத்தில் வட்டி மாற்றும் தேதியைத் தேடுங்கள்: மூன்று மாதத்துக்கொருமுறையா, ஆறு மாதத்துக்கொருமுறையா? அந்தத் தேதிக்கு முன் அறிவிப்பால் உங்கள் தவணை மாறாது. வட்டி நிலையானது என்று எழுதியிருந்தால், அந்தக் காலம் முடியும்வரை வீதம் குறைந்தாலும் தானாகக் குறையாது. கிளையில் போய் மறுபேச்சுப் பேசலாம், ஆனால் முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணத்தைக் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகே.