சளியின் நிறம் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள்

"சளி பச்சையா வருது, ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க." மருந்துக்கடையில் இப்படிக் கேட்பவர்கள் இன்றும் நிறைய. சளி, இருமல் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பேன்.

அந்தப் பச்சை, பாக்டீரியாவின் நிறம் அல்ல. கிருமியை எதிர்க்க வரும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற பச்சை நிற நொதி இருக்கிறது. அவை குவிந்து சிதையும்போது சளியிலும் அந்த நிறம் ஏறுகிறது. வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் இது நடக்கும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள்தான் அடிபடும், மருந்துக்கு அடங்காதவை மிஞ்சிப் பெருகும்.

சளியையே எதிரியாக நினைப்பதும் தவறு. தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிப்பதே அதன் வேலை. சிலியா எனும் நுண்மயிர்கள் அதைத் தொண்டை வரை ஏற்றிவிட, நாம் தெரியாமலே விழுங்குகிறோம். மற்றதை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். அதனால் குழந்தை சளியை விழுங்கிவிட்டதே என்று பதற வேண்டாம். சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் இந்த மயிர்களை முடக்கிவிடும், அப்புறம் சளியை வெளியேற்ற இருமல்தான் துணை. சளியோடு வரும் இருமலை டாக்டரைக் கேட்காமல் சிரப் கொடுத்து அடக்காதீர்கள்.

அடுத்தது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஆபத்தானது வேறு. மூடிய அறையில் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் அந்தக் கருவி 98 சதவீதம் என்று நல்ல அளவையே காட்டலாம். ஹீமோகுளோபினோடு ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறுகிறதா என்பதையும் அது சொல்லாது. ஆஸ்துமாவில் மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கும் முதலில் எண் நன்றாகவே இருக்கக்கூடும்.

எனவே எண்ணை மட்டும் நம்பாமல் குழந்தையின் நெஞ்சைப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிமோனியாவாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.