பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நிலப்பயன்பாட்டுத் திட்டம்: பென்சில்வேனியாவில் மானியம் கேட்பது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், உங்கள் டவுன்ஷிப்பின் (ஊராட்சி போன்ற உள்ளாட்சியின்) திட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "பக்கத்து ஊரோடு சேர்ந்து திட்டம் போட்டால் மாநில அரசு பணம் தருமாமே?" என்று யாரோ கேட்கிறார்கள். தரும். ஆனால் பணத்திலிருந்து தொடங்கினால் வேலை பாதியில் நின்றுவிடும். முதலில் ஊர்கள் ஒத்துப்போக வேண்டும், மானியம் அதற்குப் பிறகுதான்.

பென்சில்வேனியாவில் டவுன்ஷிப், பரோ (சிறு நகரம்), நகரம் என்று 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை என்பதை இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவு செய்யலாம். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

படி 1: எல்லையைப் பாருங்கள்

உங்கள் ஊரின் சோனிங் வரைபடத்தையும் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று பகுதி பகுதியாகக் காட்டுவது) பக்கத்து ஊரின் வரைபடத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, எல்லைக்கோட்டில் ஒட்டுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கிடங்குகள் என்று எங்காவது கண்ணில் படும். லாரிகள் போகும் சாலை உங்கள் ஊரில், வரி வருமானம் அவர்கள் ஊரில் என்றும் இருக்கலாம். இந்த இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். விண்ணப்பத்தில் "ஏன் சேர்ந்து செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

படி 2: யாரோடு சேரலாம்?

மாநிலத்தின் 1968ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் உள்ளாட்சிகள் சேரலாம். ஒட்டியிருக்காவிட்டாலும், எல்லாம் ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் (பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பின் எல்லைக்குள்) இருந்தால் போதும். கவுன்டி (பல உள்ளாட்சிகள் அடங்கிய மாவட்டம்) எல்லையும் தடையில்லை. பாட்ஸ்டவுன் வட்டாரத்தில் இரண்டு கவுன்டிகளைச் சேர்ந்த எட்டு உள்ளாட்சிகள் ஒரே வட்டாரத் திட்டத்தில் இணைந்திருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பக்கத்து ஊரின் தலைவர்கள் "எங்களுக்கு இதில் என்ன லாபம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் ஒரு பழைய வழக்கில் தொடங்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இடமே ஒதுக்காத சோனிங் செல்லாது என்று 1970இல் கிர்ஷ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட எந்தப் பயன்பாட்டையும் ஓர் ஊர் ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட முடியாது என்பதுதான் நடைமுறை. அதனால் வயல்கள் மட்டுமே உள்ள சின்ன டவுன்ஷிப்கூட எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் வைக்க வேண்டியிருந்தது. திட்டமிடல் சட்டத்தில் 2000ஆம் ஆண்டு வந்த திருத்தங்கள் இதற்கு ஒரு வழி திறந்தன. சேர்ந்து திட்டம் போட்டு அதை நடைமுறைப்படுத்தும் ஊர்கள், எல்லாப் பயன்பாடுகளையும் மொத்த வட்டாரத்துக்குள் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள பரோவில் அடுக்குமாடி வரும், டவுன்ஷிப்பில் வயல் வயலாகவே இருக்கும். வரி வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. மானியத் தொகையை விடப் பெரிய ஆதாயம் இது என்பது என் உறுதியான கருத்து.

படி 3: எழுத்தில் ஒப்பந்தம்

எல்லா ஊர்களின் மன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும். எந்த வடிவில் நிறைவேற்றுவது என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் யார் தலைமை ஊர், செலவு எப்படிப் பிரியும், ஓர் ஊர் நடுவில் விலகினால் என்ன ஆகும் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் தயக்கம்தான், ஆனாலும் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: பணக் கணக்கு

மாநிலத்தின் சமூக, பொருளாதார வளர்ச்சித் துறை நடத்தும் முனிசிபல் அசிஸ்டன்ஸ் புரோகிராம், தகுதியான செலவில் 50 சதவீதம் வரை தருகிறது. மீதியை ஊர்கள் போட வேண்டும். கவுன்டியிடமும் கேட்டுப் பாருங்கள். செஸ்டர் கவுன்டி, விஷன் பார்ட்னர்ஷிப் என்ற பெயரில் தானே திட்டமிடல் மானியம் தருகிறது.

திட்டத்துக்கு 60,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 30,000. மீதி 30,000 டாலரை மூன்று ஊர்கள் எப்படிப் பிரிப்பது? சமமாகப் பிரித்தால் சின்ன ஊர் முகம் சுளிக்கும், மக்கள்தொகைப்படி பிரித்தால் பெரிய ஊர் முணுமுணுக்கும். 15,000 டாலரைச் சமமாகவும் மற்ற 15,000 டாலரை மக்கள்தொகைப்படியும் பிரித்துப் பாருங்கள். மக்கள்தொகை 10,000, 6,000, 4,000 என்றால் பங்குகள் முறையே 12,500, 9,500, 8,000 டாலர் வரும். இப்படிப் பிரித்தால் பேச்சு சுமுகமாக முடிய வாய்ப்பு அதிகம்.

படி 5: விண்ணப்பம்

மாநிலத்தின் எலக்ட்ரானிக் சிங்கிள் அப்ளிகேஷன் வழியாக இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டின் வழிகாட்டுக் குறிப்புகளை முதலில் முழுசாகப் படித்துவிடுங்கள். மன்றங்களின் தீர்மானங்கள், வேலை விவரம், பட்ஜெட், கால அட்டவணை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மானியம் உறுதியாவதற்கு முன், திட்டத்தைத் தயாரித்துத் தரும் கன்சல்டன்டோடு ஒப்பந்தம் போட வேண்டாம். முன்கூட்டியே செய்த செலவைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

வேலை விவரத்தில் "சோனிங் விதிகளுக்கான வரைவுத் திருத்தங்கள்" என்ற வரியைச் சேர்க்கப் பாருங்கள். அது இல்லாவிட்டால் அழகான புத்தகம் ஒன்று அலமாரியில் உட்கார்ந்திருக்கும், விதிகள் பழையபடியே இருக்கும்.

படி 6: பணம் வந்த பிறகு

வரைவு தயாரானதும் கவுன்டிக்கும், சுற்றியுள்ள ஊர்களுக்கும், பள்ளி மாவட்டத்துக்கும் அனுப்பி, கருத்துச் சொல்ல 45 நாள் தர வேண்டும். அப்புறம் பொது விசாரணை, பிறகு ஒவ்வொரு மன்றத்திலும் வாக்கெடுப்பு.

திட்டத்தை நடைமுறைப்படுத்த ஊர்கள் தங்களுக்குள் போடும் ஒப்பந்தத்தின்படி, ஒவ்வோர் ஊரும் தன் சோனிங் விதிகளை இரண்டு ஆண்டுக்குள் திட்டத்தோடு பொருந்தும்படி திருத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் என்ன செய்தீர்கள் என்று கவுன்டிக்கு ஆண்டறிக்கையும் தர வேண்டும். அறிக்கை எழுதும் பொறுப்பை இப்போதே ஒருவர் பெயரில் ஒப்படைத்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள்.