வெயில் நாளில் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள்

நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஆனால் வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. உடலில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, 'இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வை' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். அப்போது சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகப் போகும்.

அதனால் எத்தனை டம்ளர் குடித்தோம் என்று கணக்குப் பார்ப்பதைவிட நிறத்தைப் பார்ப்பது எளிது. வெளிர் மஞ்சள் என்றால் சரி. மதியத்திலும் அடர்த்தியாக இருந்தால் தண்ணீரோ மோரோ குடியுங்கள். காலையில் முதல் முறை போவது எப்போதும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சள், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பு. பயப்படத் தேவையில்லை. அப்படி எதுவும் சாப்பிடாமலே சிவந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் ஒன்று. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும்.

இதயம் பலவீனமானவர்கள், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.