காயப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தருக்கும் வீட்டாருக்கும் துணை நிற்கையில் நாம் விடும் பிழைகள்

மணல் ஏற்றிய டிப்பரை மறிக்கப்போய் முழங்கால் நொறுங்கிய ஒரு கான்ஸ்டபிளின் மனைவி, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் இப்படிச் சொன்னார்: “கால் சுகம். ஆனா இரவிலை மூண்டு தரம் எழும்பிக் கேற் பூட்டை இழுத்துப் பாக்கிறார். ஒழுங்கையாலை ஏதும் பாரவாகனம் போனா சாப்பாட்டை வைச்சிட்டு எழும்பிவிடுறார்.” கணவர் கடமைக்குத் திரும்பி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பொலிஸ் நிலையத்தைப் பொறுத்தவரை அந்த விடயம் முடிந்திருந்தது.

கடமைக்குத் திரும்பியதைக் குணமடைந்ததாக எடுத்துக்கொள்வதே நாம் விடும் பிழைகளுள் பெரியது என்பது என் எண்ணம். தாக்குதலுக்குப் பின்னான முதல் சில வாரங்களில் நித்திரையின்மையும் படபடப்பும் எவருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலானோருக்கு அவை தாமாகவே தணியும். ஒரு மாதம் கடந்த பின்னரும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், சம்பவ இடத்தைத் தவிர்த்து நடத்தல் ஆகியவை தொடர்ந்தால், அது மனவடுவாக இருக்கலாம் என எண்ணி உளநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால், எந்நேரமும் விழிப்பாக இருப்பது பொலிஸ் தொழிலில் நல்ல குணமாகவே கருதப்படுவதால், அந்த விழிப்பு நோயாக மாறியதை உடன் கடமையாற்றுவோர் கண்டுகொள்வதில்லை. அதை முதலில் காண்பவர்கள் வீட்டார்தான். அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் எந்த மருத்துவ அறிக்கையும் பாதி அறிக்கையே.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நின்று “எப்படி நடந்தது?” என்று ஆளுக்கொரு முறை கேட்பது நமது ஊர் வழக்கம். அன்பினால் கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், விரும்பாத ஒருவரைச் சம்பவத்தைத் திரும்பத் திரும்ப விபரிக்கச் செய்வது குணமாக்குவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றையே செய்யச் சொல்கிறது. இங்கே கேட்டல் என்பது அவராகச் சொல்வதைச் செவிமடுப்பதாகும்; இணைத்தல் என்பது தேவையான உதவியோடு அவரைச் சேர்த்துவிடுவதாகும். சாப்பாடு கொண்டுபோவதும், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதும் அந்த நாட்களில் பல கேள்விகளை விடப் பயன்படும்.

நித்திரைக் குளிசையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதும், “ஒரு போத்தல் எடுத்தால் மறந்துபோகும்” என்று நண்பர்கள் அழைப்பதும் ஒரே வகைப் பிழைகள். சம்பவம் நடந்த முதல் மாதத்தில் மன உளைச்சலுக்கு டயசிபாம் போன்ற நித்திரை, அமைதிக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்று அதே நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது.

அடுத்தது துப்பாக்கி. “நான் இருந்து என்ன பயன்” என்ற தோரணையில் ஒருவர் பேசத் தொடங்கினால், அவரது ஆயுதம் நிலைய ஆயுதக் களஞ்சியத்திலேயே இருக்கும்படி பொறுப்பதிகாரி உடனே ஒழுங்குசெய்ய வேண்டும். அதைத் தண்டனையாக அவர் உணராதபடி முகம் பார்த்துப் பேசிச் செய்யவும் வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என அஞ்சுவது தவறு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

மருத்துவத் துண்டுகள், விடுமுறைக் கடிதங்கள், சம்பவம் பதியப்பட்ட முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றை ஒரு கோவையில் சேர்த்து வைக்காத குடும்பங்கள் நட்டஈட்டுக்காகப் பின்னர் அலைகின்றன. சிங்களத்தில் வரும் கடிதத்தில் விளங்காமல் ஒப்பமிடவும் வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியே.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு பிழையும் உண்டு. சீருடை பற்றிய கசப்பான நினைவுகள் இல்லாத ஒழுங்கை இங்கே குறைவு. அந்தக் கசப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பாரத்தைக் காயப்பட்டவரின் மனைவியும் பிள்ளைகளும் சுமக்கக் கூடாது. 2017 ஜூலையில் நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் சுடப்பட்டு உயிரிழந்தபோது, அவரது மனைவியின் முன்னால் நீதிபதி மண்டியிட்டு அழுததை ஊரே பார்த்தது. ஆனால் நான் தொடக்கத்தில் சொன்ன கான்ஸ்டபிளின் மனைவியை அயலவர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும் என்று மட்டும் அவர் சொன்னார்.

பிள்ளைகளிடம் “அப்பா சைக்கிளால் விழுந்தவர்” என்று பொய் சொல்லியிருந்தார்கள். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் உண்மை தெரியவந்த நாள் முதல் அவன் தாயின் சொல் எதையும் நம்பவில்லை. வயதுக்கேற்ற சில வாக்கியங்களில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நானும் ஒரு பிழை விட்டேன். முதல் சந்திப்பில் கணவரின் நித்திரையைப் பற்றி மட்டுமே கேட்டேன். அடுத்த கிளினிக்கில்தான் மனைவியின் நித்திரையைப் பற்றிக் கேட்டேன். கணவர் கேற்றடியில் இருந்து திரும்பும் காலடிச் சத்தம் மூன்றாவது முறை கேட்கும் வரை கண்மூடுவதில்லை என்றார். அன்றுதான் அவர் பெயரிலும் ஒரு கொப்பி போட்டோம்.