தானாக எரியும் ஹெட்லைற்: கராஜுக்குப் போக முன் நீங்களே பார்க்கலாம்

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள், இரவு இரண்டு மணிக்கு நாய் விடாமல் குரைத்தது. எழும்பிப் பார்த்தால் முற்றத்தில் நின்ற வானின் இரண்டு ஹெட்லைற்றும் எரிகின்றன. திறப்போ வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. சுவிச்சைத் திருகிப் பார்த்தேன், அணையவில்லை. வேறு வழி தெரியாமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். விடிய பற்றறி செத்துப்போயிருந்தது. மாமி பேய் வேலை என்றார். ஒரு கராஜில் சுவிச் பழுது என்று சொல்லிப் புதுசு போட்டார்கள். மூன்றாம் நாள் லைற் மறுபடி எரிந்தது.

அதற்குப் பிறகுதான் நானே பொனற்றைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று, ஒரு ஸ்குரூட்ரைவர், வயர் தொடுப்பைப் பார்க்கும் மலிவான மல்ட்டிமீற்றர் ஒன்று இருந்தால் போதும்.

முதலில், இது பழுதுதானா?

ஜப்பானில் இருந்து வரும் பல கார்களில் லைற் கைபிடியில் AUTO என்று ஒரு இடம் இருக்கும். அதில் விட்டால், டாஷ்போர்டின் மேல் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சென்சர் வெளிச்சம் குறைந்ததும் லைற்றைப் போட்டுவிடும். ஜப்பானில் 2020 ஏப்ரலில் இருந்து புதிய மொடல் கார்களுக்கு இது கட்டாயம். மருத மரங்கள் கூடாரம் போட்ட ரோட்டில் பட்டப்பகலில் லைற் எரிந்தால் கார் தன் வேலையைத்தான் செய்கிறது. சிலர் அந்த சென்சருக்கு மேலேயே பிள்ளையாரை வைத்திருப்பார்கள். பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும். திறப்பை எடுத்த பிறகு அரை நிமிடம்போல எரிந்து அணைவதும் சில கார்களின் வழக்கம்தான். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான்: இந்தியாவில் 2017 ஏப்ரலில் இருந்து புதிய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது லைற் எப்போதும் எரிய வேண்டும் என்பது சட்டம்.

கைபிடி OFF இல் இருந்தும் எரிந்தால், அல்லது நிறுத்திய வாகனத்தில் நடுராத்திரியில் எரிந்தால், அது பழுது.

இப்போதைக்கு பற்றறியைக் காப்பாற்றுங்கள்

55 வாற் பல்ப் இரண்டும் சேர்ந்தால் 110 வாற். 12 வோல்ற்றில் அது ஏறக்குறைய 9 அம்பியர். 40 அம்பியர் மணி பற்றறி நாலு மணித்தியாலத்தில் காலி, அதற்கு முன்பே ஸ்டார்ட் ஆகாது. எனவே நெகட்டிவ் வயரை, அதாவது கழித்தல் குறி உள்ளதை, கழற்றி விடுங்கள். முதலில் பொசிட்டிவைத் தொட வேண்டாம். ஸ்பனர் பொடியில், அதாவது வாகனத்தின் இரும்பு உடம்பில், முட்டினால் நெருப்புப் பறக்கும்.

ரிலே: பாதிப் பதில் இங்கேதான்

லைற்றுக்குப் போகும் பெரிய கரண்டைச் சுவிச் நேரே தாங்குவதில்லை. சுவிச் சின்னதாக ஒரு கட்டளை கொடுக்கும், பொனற்றுக்குள் இருக்கும் ரிலே பெரிய கரண்டைத் திறந்துவிடும். பியூஸ் பெட்டியின் மூடிக்கு உட்புறம் படம் இருக்கும். அதில் HEAD என்று போட்ட சதுரக் கட்டையைத் தேடுங்கள்.

அதன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, நெகட்டிவை மீண்டும் கொழுவச் சொல்லுங்கள். விரலில் 'டிக்' என்று ஒரு துடிப்பு வந்து லைற் எரிந்தால், எங்கிருந்தோ ரிலேக்குக் கட்டளை வருகிறது. துடிப்பே இல்லாமல் லைற் எரிந்தால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிப்போயிருக்கலாம். அப்போது ஸ்குரூட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். அணைந்தால் ரிலேதான் குற்றவாளி. அதே இலக்கமும் அதே கால் அமைப்பும் உள்ள இன்னொன்று போட்டால் வேலை முடிந்தது.

ரிலேயைப் பிடுங்கிய பிறகும் எரிகிறதா? முன்னால் யாரோ கூடுதல் லைற் பூட்டி, தனி வயர் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் பக்கம் பாதி வாகனங்களில் அது இருக்கும். சில புதிய கார்களில் ரிலே பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற வராது. அவற்றோடு மல்லுக்கட்டாமல், காரின் கம்பியூட்டரோடு இணைத்துப் பழுது பார்க்கும் ஸ்கானர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

சுவிச்சா, வயரா?

ரிலேக்குக் கட்டளை வருகிறது என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள உறையைக் கழற்றி, லைற் கைபிடியின் பிளக்கை இழுத்துவிடுங்கள். மஞ்சள் நிறப் பிளக்கைத் தொடாதீர்கள், அது எயார்பாக். நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே இந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். பிளக் வெளியே இருக்க நெகட்டிவைக் கொழுவிப் பாருங்கள். லைற் எரியாவிட்டால் சுவிச் பழுது. எரிந்தால் வயர். அந்தக் கராஜ்காரர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும்.

வயர் முட்டினால் பியூஸ் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல ஜப்பான் வாகனங்களில் சுவிச் செய்வது, ரிலேயில் இருந்து வரும் ஒரு வயரைப் பொடியோடு இணைப்பது மட்டும்தான். அந்த வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டால் சுவிச் போட்டதற்குச் சமம். பியூஸ் போகாது, லைற்தான் எரியும். நெகட்டிவையும் ரிலேயையும் சுவிச் பிளக்கையும் கழற்றி வைத்துக்கொண்டு, மீற்றரின் ஒரு முனையை அந்த வயரிலும் மற்றதைப் பொடியிலும் வையுங்கள். பீப் என்று கத்தினால் வயர் எங்கோ பொடியில் படுகிறது.

என் வானில் அது எலி. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வானை விட்டதால், மூட்டைக்கு வந்தது பொனற்றுக்குள்ளும் குடிபுகுந்து, பற்றறித் தட்டுக்குக் கீழே வயரைக் கடித்திருந்தது. கடிபட்ட இடத்தை வெட்டி, சொல்டர் வைத்து, சூடுகாட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினேன். வெறும் ரேப் சுற்றாதீர்கள், எங்கள் வெயிலுக்குப் பசை உருகி ஒரு மாதத்தில் கழன்றுவிடும். எலியில்லாவிட்டால் பிளக்குகளைப் பாருங்கள். கிரவல் தூசி படிந்து, மாரி மழை நனைத்து, உள்ளே பச்சை பூத்திருந்தால் கொன்ராக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

இடையில் வழியில் மாட்டிக்கொண்டால் ரிலேயைப் பிடுங்கிவிட்டுப் பகலில் வீடு வந்து சேரலாம். ஆனால் பொழுதுபட்டால் அப்படி ஓடாதீர்கள். ஏ9 நெடுஞ்சாலையில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு லைற் இருந்தாலே கிட்டப் போன பிறகுதான் தெரியும். வேலை முடிந்ததும் நெகட்டிவைக் கொழுவி இரண்டு மூன்று இரவு விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம், விடியப்புறப் பனியே போதும்.