பாலை நிலத்தோற்றங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாவற்றையும் காற்றின் கணக்கில் எழுதிவிடுவதுதான் முதல் தவறு. சகாராவிலேயே மணல் மூடிய பரப்பு ஏறத்தாழ கால்பங்குதான். மீதி பாறையும் சரளையும். அந்தப் பாறையில் பள்ளத்தாக்குகளை வெட்டியது பெரும்பாலும் தண்ணீர். மழை அபூர்வம்தான், ஆனால் பெய்தால் தடுக்கச் செடிகொடி கிடையாது. இறுகிய தரையில் இறங்காமல் சேறும் கல்லுமாக ஓடுகிறது. மலையடிவாரத்தில் சரிவு குறைந்ததும் பெரிய கற்களை முதலில் போட்டுவிட்டு நுண்மணலை முன்னே கொண்டுபோகிறது. இப்படி விசிறிபோல் விரிந்து படியும் வண்டல் விசிறியின் உச்சியில் பாறைத்துண்டுகளும் ஓரத்தில் வண்டலும் கிடப்பது அதனால்தான்.

தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று காய்ந்த ஓடையிலோ குறுகிய பள்ளத்தாக்கிலோ இறங்கவே கூடாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் லோயர் ஆன்டிலோப் கேன்யனில் வெள்ளத்தில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேல்பகுதியில். பார்க்க வேண்டியது, அந்த ஓடைக்குத் தண்ணீர் வந்துசேரும் நீர்பிடிப்புப் பகுதி முழுவதன் வானிலையை.

பாறையில் உயரத்தில் தெரியும் குடைவுகளையும் வளைவுகளையும் மணற்காற்று செதுக்கியது என்பதும் தவறு. தூசி வானளாவப் பறக்கும், மணல் அப்படியல்ல. துள்ளித் துள்ளித்தான் நகரும், அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். அதற்கு மேலே உள்ள குடைவுகளுக்கு ஈரம், உப்புப் படிகம், உறைபனி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். யூட்டாவின் புகழ்பெற்ற பாறை வளைவுகளும் முக்கியமாக நீரும் பனியும் உடைத்து உருவாக்கியவை.

மணல்மேட்டை வைத்துக் காற்றின் திசை சொல்லும்போது கொம்புகளை, அதாவது அதன் நீண்ட இரு முனைகளை, மட்டும் நம்பினால் தலைகீழாகிவிடும். செடியில்லாத இடத்துப் பிறைவடிவ மேட்டில் கொம்புகள் காற்று போகும் பக்கம் நீளும். தார் பாலைவனத்தில் நிறைய காணப்படும் பரவளைய மேடுகளில் ஓரங்களைச் செடிகள் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி முன்னேறிப்போகும். கொம்புகள் காற்று வரும் பக்கமே தங்கிவிடும். இரண்டிலும் மாறாதது சரிவு முகம்: உலர்ந்த மணல் 30 முதல் 34 பாகையில் சரிந்து நிற்கும் செங்குத்தான பக்கம். அது எப்போதும் காற்றுக்கு மறைவில்தான் இருக்கும்.

கடைசியாக, இரண்டில் ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்டுவது. அமெரிக்காவின் டெத் வேலியில் ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரித் தரையில் கற்கள் தாமாக நகர்ந்த தடங்களுக்குச் சூறைக்காற்றையே பலர் காரணம் சொன்னார்கள். 2013 குளிர்காலத்தில் நேரில் பார்த்தபோது விடை கிடைத்தது: ஆழமற்ற நீர் இரவில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு உறைகிறது, பகலில் உடைந்த பனித்தகடுகளை மெல்லிய காற்று தள்ளுகிறது, அவை கற்களை நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் ஈரச்சேற்றின் மேல் நகர்த்துகின்றன.