மாணவர் விசாவிலிருந்து பிஆர் (நிரந்தர வதிவிடம்) வரை: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

ஏ/எல் பெறுபேறு வந்த கையோடு உவர்மலையிலும் உப்புவெளியிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எந்த நாட்டுக்கு விசா லேசாகக் கிடைக்கும்?" என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். விசா கிடைத்துப் போய், காணியை ஈடு வைத்துப் படித்து முடித்த பிறகு, இந்தப் படிப்பை வைத்து இங்கே தங்க முடியாது என்று அங்கேயே தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த விளக்கம் முடிவிலிருந்து தொடங்குகிறது. முதலில் வேலை, பிறகு படிப்பு, அப்புறம்தான் விசா.

உதாரணத்துக்கு அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே வயது, படிப்பு, ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளிக் கணக்கில்தான் பிஆருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதால் வீட்டில் இருந்தபடியே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் 2025ஆம் ஆண்டு நடுப்பகுதி நிலவரம். பெரும்பாலும் ஜூலை 1ஆம் திகதிதான் இவை மாறும். பணம் கட்டுவதற்கு முன் அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

படி 1: வேலையைத் தெரிவு செய்யுங்கள்

அவுஸ்திரேலியா திறன் அடிப்படையில் குடியேற்றுவது பட்டத்தைப் பார்த்து அல்ல, தொழிலைப் பார்த்து. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் இலக்கம் உண்டு. எந்தத் தொழில் எந்த விசாவுக்குப் பொருந்தும் என்ற பட்டியலும் உண்டு. பட்டியலில் உங்கள் தொழிலைக் கண்டதும் பக்கத்தில் இருக்கும் திறன் மதிப்பீட்டு அமைப்பின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியலாளருக்கு எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா, கணினித் துறைக்கு ஏசிஎஸ், தாதியருக்கு அன்மாக், கைத்தொழில்களுக்கு டிஆர்ஏ என்று தனித்தனியாக இருக்கும். இந்த அமைப்பு "இவருக்கு இந்தத் தொழில் தெரியும்" என்று எழுதித் தராவிட்டால் பிஆர் விண்ணப்பமே போட முடியாது.

ஆகவே அந்த அமைப்பின் இணையத்தளத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை இப்போதே வாசியுங்கள். ஆசிரியத் தொழிலுக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனையில் வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றுக்கும் 8 கேட்கிறார்கள். இங்கே தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைக்கு அது சின்ன மலை இல்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க இவ்வளவு தேவைப்படாததால், படித்து முடிக்கும்வரை யாரும் இதைச் சொல்லப்போவதும் இல்லை.

பொதுவான வியாபார முகாமைத்துவப் படிப்புகளில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இடம் லேசாகக் கிடைக்கும், ஏஜென்சிக்காரரும் முதலில் அதைத்தான் நீட்டுவார். ஆனால் படித்து முடித்தவுடன் அதைப் பட்டியலில் உள்ள ஒரு தொழிலோடு பொருத்துவது கஷ்டம். தாதியியல், சிவில் பொறியியல், ஆசிரியம், சமூகப்பணி போன்றவற்றில் படிப்பின் பெயரும் தொழிலின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். நான் பார்ப்பது முதலில் அதைத்தான்.

படி 2: அந்த வேலைக்குக் கொண்டுபோகும் படிப்பும் ஊரும்

மூன்று விடயங்களைப் பாருங்கள். படிப்புக்குக் கிரைகோஸ் (வெளிநாட்டு மாணவர் சேரக்கூடிய படிப்புகளின் அரச பதிவேடு) பதிவு இலக்கம் இருக்கிறதா? அது இல்லாத படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. அடுத்து, படிப்பு குறைந்தது 92 வாரங்களாகப் பதிவாகியிருக்கிறதா? படித்த பிறகு தங்கி வேலை செய்யும் 485 விசாவுக்கும், அவுஸ்திரேலியப் படிப்புக்கான 5 புள்ளிகளுக்கும் அந்த நீளம் வேண்டும், அதில் 16 மாதமாவது அந்த நாட்டில் இருந்து படித்திருக்கவும் வேண்டும். ஒரு வருட மாஸ்டர்ஸ் செலவு குறைவென்று போய், 485 கிடைக்காமல் நிற்க வேண்டாம்.

மூன்றாவது ஊர். சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லா இடமும் குடிவரவுச் சட்டத்தில் "பிராந்தியப் பகுதி" ஆகும். பேர்த், அடிலெயிட், கன்பரா கூட அதில் அடங்கும். அங்கே வசித்துப் படித்தால் மேலதிகமாக 5 புள்ளிகள். பட்டம் பெற்றவர் பிராந்தியத்திலேயே தொடர்ந்தால் இரண்டாவது 485 விசாவாக இன்னும் ஒன்று அல்லது இரண்டு வருடம் கேட்கலாம். சொந்தக்காரர் மெல்பேர்னில் இருக்கிறார், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவில்லை என்பது நல்ல காரணம்தான். ஆனால் அந்த மிச்சத்தை இந்தப் புள்ளிகளோடு ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 3: ஆங்கிலச் சோதனை

மாணவர் விசாவுக்கு ஐஈஎல்டிஎஸ் 6.0 அல்லது அதற்குச் சமமான பிடிஈ. பல்கலைக்கழகம் வழக்கமாக 6.5 கேட்கும். கொழும்பில் சோதனை என்றால் இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்கி நேரே மண்டபத்துக்குள் நுழையும் பழக்கம் வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் கேட்டல் பகுதியில் போகும் அரைப் புள்ளிக்கு அறை வாடகையைவிட விலை அதிகம்.

படி 4: பணம்

பல விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர், அதோடு முதல் வருடக் கல்விக் கட்டணம், பயணச் செலவு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். கணவனோ மனைவியோ கூட வந்தால் இன்னும் 10,394 டொலர். கல்விக் கட்டணம் 30,000 என்று வைத்தாலே மொத்தம் நம் காசில் ஒரு கோடியைத் தாண்டும்.

வங்கிச் சேமிப்பு, நிலையான வைப்பு, வங்கிக் கல்விக் கடன் எல்லாம் காட்டலாம். ஆனால் அதிகாரி தொகையோடு அது வந்த பாதையையும் பார்ப்பார். தம்பலகாமத்தில் வயல் விற்ற காசு என்றால் விற்பனை உறுதி, பணம் கணக்கில் விழுந்த திகதி, வாங்கியவர் அனுப்பிய பதிவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கனடாவில் இருக்கும் மாமா பொறுப்பேற்கிறார் என்றால் அவருடைய வருமானம், வரிப் பத்திரங்களோடு அவர் உங்கள் மாமாதான் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அதாவது அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் மாமாவின் பிறப்புச் சான்றிதழும். அதில் தாத்தா, அம்மம்மா பெயர்கள் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வட்டிக்குப் பணம் வாங்கிக் கொஞ்ச நாள் கணக்கில் போட்டுக் காட்டும் "ஷோ மணி" ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் அந்த விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு போகாது. 4020 என்ற விதிப்படி மூன்று வருடத்துக்கு வேறு விசாக்களும் மறுக்கப்படலாம். ஆள் அடையாளத்தில் பொய் என்றால் பத்து வருடம். ஆவணத்தை ஏஜென்சி தயாரித்தது, எனக்குத் தெரியாது என்பது பதிலாகாது.

படி 5: பெயரும் பத்திரங்களும்

எங்கள் பகுதியில் 2004 சுனாமியிலும் 2006 மூதூர் இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் பல. பிறப்புப் பதிவின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுங்கள். அது தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுக்க வேண்டும்.

அப்புறம் பெயர். ஓ/எல் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முன்னால், இது நம்மில் வெகு சாதாரணம். வித்தியாசம் சிறிதென்றால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து எல்லாப் பத்திரங்களோடும் வையுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மூலப் பதிவைத் திருத்துங்கள்.

படி 6: ஜிஎஸ் பதில்கள்

2024 மார்ச் வரை "படித்துவிட்டுத் திரும்பிப் போவேன்" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை போய், "உண்மையான மாணவர்" (ஜிஎஸ்) என்ற நிபந்தனை வந்துவிட்டது. அவுஸ்திரேலியாவுக்குத் தேவையான திறனைப் படித்துப் பின்னர் நிரந்தர வதிவிடம் கேட்பவர்களும் உண்மையான மாணவர்களே என்று திணைக்களமே சொல்கிறது. ஆகவே "திருகோணமலைக்குத் திரும்பி வந்து நிறுவனம் தொடங்குவேன்" என்ற பழைய அச்சுக் கதையைச் சில ஏஜென்சிகள் இன்னும் எல்லோருக்கும் ஒட்டிக் கொடுத்தால், வாங்க வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்திலேயே சில கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 150 வார்த்தைக்குள் ஆங்கிலத்தில் பதில். உங்கள் குடும்ப, வேலை நிலைமை என்ன, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நிறுவனம், இதனால் உங்களுக்கு என்ன பயன். ஏ/எல் முடித்து மூன்று வருடம் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதி, சம்பளச் சீட்டை இணையுங்கள். இடைவெளியை விளக்காமல் விட்டால்தான் சந்தேகம் வரும்.

படி 7: விண்ணப்பம்

கல்வி நிறுவனத்துக்கு முதல் கட்டணமும், ஓஎஸ்எச்சி என்ற மாணவர் மருத்துவக் காப்புறுதிக்கும் கட்டினால் சிஓஈ என்ற சேர்க்கை உறுதிப் பத்திரம் வரும். அதோடு இமிஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில் 500ஆம் இலக்க விசாவுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 2,000 டொலர், மறுத்தால் திரும்பக் கிடைக்காது. பிறகு கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கடிதம் வரும். இரண்டையும் கொழும்பில் ஒரே பயணத்தில் முடிக்கும்படி திகதி எடுங்கள்.

ஏஜென்சி "எங்களுக்கு ஒரு சதமும் வேண்டாம்" என்பதும் உண்மைதான், பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொமிஷன் கொடுக்கிறது. அதனாலேயே கொமிஷன் தராத நல்ல படிப்பு அவர்கள் வாயில் வராது. பிஆர் பற்றி வாக்குறுதி தந்தால் அவர்களின் மார்ன் இலக்கத்தைக் கேளுங்கள். அது பதிவுபெற்ற குடிவரவு முகவருக்கு மட்டும் இருக்கும் இலக்கம், இணையத்தில் சரிபார்க்கலாம்.

படி 8: போன பிறகு

படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை. விடுமுறையில் வரம்பில்லை. கையில் காசாகத் தருகிறேன், கணக்கில் வராது என்று யாராவது சொன்னால், நாளைக்கு வேலை அனுபவத்துக்குச் சான்றும் வராது என்று அர்த்தம். செலவைக் குறைக்க இடையில் பட்டப் படிப்பை விட்டு டிப்ளோமாவுக்கு இறங்கினால் விசா நிபந்தனை மீறப்படும்.

முடித்து ஆறு மாதத்துக்குள் 485 போடுங்கள். பொதுவாக வயது 35 அல்லது அதற்குள், ஐஈஎல்டிஎஸ் 6.5, அந்தச் சோதனையும் கடைசி ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். இளமாணி, பாடநெறி மாஸ்டர்ஸ் (ஆய்வு மாஸ்டர்ஸ் அல்லாதது) இரண்டுக்கும் இரண்டு வருட விசா.

படி 9: புள்ளி கூட்டுவது

அடிலெயிட்டில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடித்த, திருமணமாகாத 27 வயதுப் பெண் ஒருவரை எடுப்போம். 25 முதல் 32 வயது வரை 30. பட்டம் 15. அவுஸ்திரேலியப் படிப்பு 5, பிராந்தியப் படிப்பு 5. தனி ஆள் என்பதால் 10. ஐஈஎல்டிஎஸ் நான்கு பகுதியிலும் 7 என்றால் 10. மொத்தம் 75. குறைந்தபட்சம் 65 என்றாலும் 65க்கு, விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வருவது பல தொழில்களில் நடக்காத காரியம்.

இனி எங்கே கூட்டலாம்? நான்கு பகுதியிலும் 8 எடுத்தால் ஆங்கிலத்துக்கு 10க்குப் பதில் 20. அவுஸ்திரேலியாவில் ஒரு வருடம் துறை வேலை செய்தாலும் 5தான் என்பதால், இரண்டு மாதம் குந்தியிருந்து படிப்பது லாபம். அடுத்தது நாட்டி என்ற மொழிபெயர்ப்பாளர் தகுதி அமைப்பு நடத்தும் சிசிஎல் சோதனை, அதற்கு 5 புள்ளி. தமிழிலும் உண்டு. டொக்டரும் நோயாளியும் பேசுவது போன்ற இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும், சித்தியடைய மொத்தம் 90க்குக் குறைந்தது 63 வேண்டும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இதைவிட மலிவான ஐந்து புள்ளி வேறில்லை. இரண்டும் சேர்ந்தால் அவருக்கு 90.

அந்த 90ஐ வைத்துக்கொண்டு மூன்று வழிகள். 189ஆம் இலக்க விசா, யாருடைய நியமனமும் இல்லாமல் நேரே பிஆர். 190 மாநிலம் நியமிப்பது, 5 புள்ளி கூடும், அதுவும் பிஆர். 491 பிராந்தியத்துக்கானது, 15 கூடும், ஆனால் ஐந்து வருடத் தற்காலிக விசா. மூன்று வருடம் அங்கே வாழ்ந்து வரிப் பத்திரம் காட்டினால் 191 வழியாக நிரந்தரமாகும். திறன் மதிப்பீடும் ஆங்கிலப் பெறுபேறும் கையில் வந்ததும் ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்பத்தைப் பதியலாம், அது இரண்டு வருடம் உயிரோடு இருக்கும்.

அழைப்பு வந்தால் 60 நாள் அவகாசம். இலங்கைப் பொலிஸ் நற்சான்றிதழுக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பியுங்கள். புள்ளி எதையும் கூட்டிப் பதிய வேண்டாம். அழைப்பில் இருக்கும் எண்ணை ஆவணத்தால் நிரூபிக்க முடியாவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும், கட்டிய கட்டணமும் போகும்.